வத்தம் பார்த்துப் போகச் சொல்லு

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீ, மச்சான், பிள்ளைகள், அப்பா எல்லாரும் சுகமா? உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் போடாதது என் தப்புதான். கடைசிப் பக்கத்துல மருமகன் கேட்டிருந்தானே, சிறுமலை ஏறிட்டு மறுநாள் நம்ம கரையில கூடாரம் அடிச்சு மட்டிச் சிப்பி எடுக்கப் போறோம், நீங்க அடிக்கடி போறீங்களே மாமா, விவரமா எழுதுங்கன்னு. அதை அரைகுறையா எழுத மனசு வரலை. இதை அவன்கிட்ட அப்படியே கொடு.

நாங்க போறது புலாவ் உபின்கிற தீவுக்கு. தானா மேராவுல 2ஆம் நம்பர் பஸ் பிடிச்சா சாங்கி வில்லேஜ். அங்க 12 பேர் சேர்ந்ததும் படகை எடுப்பாங்க, ஆளுக்கு 4 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர். சிங்கப்பூரோட பெரிய குன்று புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். அதனால காலுக்குப் பழக்கம் வரணும்னா அதையே மூணு தடவை ஏறி இறங்குவோம். மருமகனும் மலைக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முந்தியே பையில பாரம் வச்சுப் படி ஏறிப் பழகட்டும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முட்டி போறது இறங்கும்போதுதான். இறங்குறதுக்கு முன்னால ஷூ கயிறைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டணும், இல்லாட்டி பெருவிரல் முன்னால இடிச்சு நகம் கறுத்துடும். மணிக்கு அரை லிட்டர் கணக்குப் போட்டுத் தண்ணி எடுக்கச் சொல்லு. மதியத்துக்கு மேல இடி இறங்கும், அதுக்குள்ள உச்சியை விட்டு இறங்கிடணும். தனி மரத்தடியில ஒதுங்கவே கூடாது. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கட்டும்.

கூடாரம் மணல்ல அடிக்கிறதுதான் எல்லாரும் ஏமாறுற இடம். கூடாரத்தோட வர்ற கம்பி முளை மண்ணுக்குத்தான் ஆகும், மணல்ல உருவிக்கிட்டு வந்துடும். இங்க விடியக்காலையில சுமத்ராக் காற்றுன்னு ஒண்ணு மழையோட திடீர்னு அடிக்கும், கட்டாத கூடாரம் உருண்டு போயிடும். அதுக்கு வழி, சின்னச் சாக்குப் பையில மணல் நிரப்பி, கயிறைக் கட்டி, ஒரு முழம் ஆழத்துல புதைச்சு மிதிச்சுடணும். அடியில விரிக்கிற தார்ப்பாய் கூடாரத்தைவிட நாலு விரல் உள்ளேயே இருக்கணும். வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா மழைத் தண்ணியை வாங்கி உன் முதுகுக்குக் கீழ கொண்டுவந்து விடும். வெளித்துணி உள்துணியில ஒட்டாம இழுத்துக் கட்டணும், ஒட்டுற இடத்துலதான் ஈரம் சொட்டும். சாப்பாட்டை உள்ளே வைக்கக் கூடாது. இங்க காட்டுப்பன்னி வருது, அங்க நாய் வரும்.

இப்ப மட்டி. இங்க தீவோட கிழக்கு முனையில செக் ஜாவான்னு ஒரு சேத்துக்கரை. 2001ல அதைத் தூர்த்து நிலமாக்க இருந்தாங்க, அங்க இருக்கிற உயிர்களைப் பார்த்துட்டு நிறுத்தினாங்க. அதனால அங்க ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது, பாலத்து மேல நின்னு பார்க்கிறதோட சரி. ஆனா வத்தம், அதான் கடல்தண்ணி இறங்குறது, எப்படிப் போகுதுன்னு படிச்சுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. நம்ம கரையில ஏத்தம் வத்தம் முழங்கால் அளவுதான். இங்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆள் உயரத்துக்கும் மேல ஏறி இறங்கும். நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும், அட்டவணை பார்த்துத்தான் போகணும். கடைசி வத்தத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி இறங்கி, தண்ணி திரும்பினதும் கரை ஏறிடணும். ஆறு மணி நேர ஏத்தத்துல நடு ரெண்டு மணி நேரத்துலதான் பாதித் தண்ணி வந்து சேரும். மெதுவா வருதுன்னு நினைச்சு நிக்கிறவங்க அப்பத்தான் மாட்டிக்கிறாங்க.

மட்டி இருக்கிற இடம் ஈர மணல்ல எட்டு மாதிரி ஒட்டின ரெண்டு சின்ன ஓட்டை. பக்கத்துல மிதிச்சா சுருக்குனு தண்ணி பீச்சும். அப்பத்தா பெருவிரலாலேயே தடவி எடுக்கும், உனக்கு நினைவிருக்கும். சின்னதை அங்கேயே புதைச்சுடணும். காலைத் தூக்கி வைக்காம இழுத்து இழுத்து நடந்தா திருக்கை ஒதுங்கிடும். முள் குத்திட்டா, தாங்குற சூட்டு வெந்நீர்ல ஒரு மணி நேரம் காலை வச்சு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

எடுத்ததை நல்ல தண்ணியில போடக் கூடாது, செத்துடும். கடல்தண்ணியே நல்லது. இல்லாட்டி லிட்டருக்கு 35 கிராம் உப்பு. சல்லடையை ஏனத்துல தூக்கி வச்சு, ஒரே அடுக்காப் பரப்பி, இருட்டுல நாலு மணி நேரம். அடியில உட்கார்ந்தா கக்கின மணலையே திரும்ப விழுங்கும், அதுக்குத்தான் சல்லடை. தட்டினா வாய் மூடாததைத் தூக்கிப் போடு. கடல் நிறம் மாறியிருந்தா, மீன் செத்து ஒதுங்கியிருந்தா, எடுக்கவே வேண்டாம். அப்ப மட்டிக்குள்ள நஞ்சு ஏறியிருக்கும், அது எவ்வளவு வேகவச்சாலும் போகாது. 1981ல நம்ம தமிழ்நாட்டுலயே மட்டி சாப்பிட்டு மூணு பேர் இறந்திருக்காங்க. இதை மட்டும் அவன்கிட்ட ரெண்டு தடவை சொல்லு.

போன சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுல ஒரு கிலோ லாலா வாங்கிட்டுப் போனோம், இங்க மட்டிக்கு அதுதான் பேர். மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் போட்டு அடுப்புல வச்சேன். மூடியைத் திறந்ததும் அந்த ஆவி முகத்துல அடிச்சுது அக்கா. நம்ம வீட்டுப் பின்கட்டு, அப்பத்தா, ஓட்டைப் பொறுக்கிப் பொறுக்கி நீ முற்றத்துல கோலம் மாதிரி அடுக்கினது, எல்லாம் வந்துடுச்சு. கொஞ்ச நேரம் சாப்பிட முடியலை. கூட வந்த பையன்க புகைன்னு நினைச்சுக்கிட்டாங்க. ரூம்ல இருந்தா ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளமா இருக்கு, அதான் போறேன். இப்ப ஓவர்டைமும் குறைவு, நேரம் இருக்கு.

அப்பாவோட கண் ஆபரேஷனைத் தள்ளாதீங்க. இந்த மாசப் பணம் பத்து நாள் பின்னால வரும், அதுவரைக்கும் மச்சான்கிட்ட வாங்கிக்க, சேர்த்து அனுப்பிடுறேன். ஓடு மாத்துறதை ஐப்பசி மழைக்கு முந்தி முடிச்சுடுங்க. முழுசா முடியாட்டி அப்பா படுக்கிற பக்கம் மட்டுமாவது. வேலி விஷயத்துல பெரியப்பாகிட்ட யாரும் வாய் கொடுக்க வேண்டாம். சர்வேயர் என்னைக்கு வர்றார்னு தேதியை எழுது.

அன்புடன்,
உன் தம்பி