அடுத்த காட்சிக்கு முன்: திரையிடல் ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை மாலை நீங்கள் திரையிட்ட படத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்வேடமிட்டு ஆடிப் பாடும் ஆண் கலைஞர்கள் ஐவர், ஒரே ஒப்பனை அறை, திரைக்கு முன்னால் கைதட்டல், திரைக்குப் பின்னால் களேபரம். அரங்கு நிறையச் சிரிப்பு என்று நீங்களே மேடையில் மகிழ்ந்து சொன்னீர்கள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் எழுந்தது, எந்த இடத்தில் எழாமல் போனது என்பதைப் பற்றியே எழுதுகிறேன். இரண்டாவது காட்சிக்கு இன்னும் நாள் இருப்பதால், படத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் தமிழ் சப்டைட்டில் வரிகளை அதற்குள் திருத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவும் எழுதுகிறேன்.

அன்று என்னுடன் வந்தவர் என் தந்தை. வயது 84. சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில், 1971இல் பிரிட்டிஷார் புறப்படும் வரை வேலை பார்த்தவர். அங்கிருந்த தமிழ் நண்பர்கள் சேர்ந்து போட்ட நாடகங்களில் பெண்வேடமிடும் ஸ்திரீபார்ட் அவர்தான். அரிச்சந்திரனுக்கு ஆள் மாறினாலும் சந்திரமதிக்கு மாறவில்லை என்பது அவருடைய பெருமை. இன்றும் ஈசூன் காப்பிக்கடையில், எஞ்சியிருக்கும் இரண்டு கூட்டாளிகள் அவரைக் கண்டதும், “என்னடி சந்திரமதி, இன்னிக்கு உன் காசுதானே?” என்றுதான் கேட்பார்கள். அவரும் முந்தானை இல்லாத தோளில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்.

படம் நம்மில் எவருக்கும் தெரியாத மொழியில் இருந்தது. அப்பாவோ வாசிப்புக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். ஆகவே உங்கள் வரிகளில் ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தார். முதுகுப்பக்கத்து ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ள, இளையவன் முழங்காலிட்டு, ஊக்கைப் பல்லில் கடித்தபடி மூத்தவரைத் திட்டும் காட்சியில் அரங்கமே சும்மா இருக்க, அப்பா ஒருவர்தான் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு காலில் செருப்போடு மற்றதைத் தேடி ஒருவர் நொண்டிக்கொண்டே மேடையேறியபோதும் அவர் ஒருவர்தான். முன்வரிசையில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்து முறைத்தார்.

பிறகு நிகழ்ச்சி முடிந்து, அந்த மூத்த கலைஞர் டோப்பாவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைக்கிறார். பாதி முகம் துடைத்திருக்கையில் தொலைபேசி மணி அடிக்கிறது. மகள் பேசுகிறாள். அவர் ஒரு தகப்பனின் குரலில் பேசத் தொடங்கி, பேச முடியாமல் நிறுத்துகிறார். அந்த இடத்தில் அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பின்வரிசையில் யாரோ சீழ்க்கை அடித்தார். என் தந்தை இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மக்கள் ஏன் சிரித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நொடியில் திரையின் அடியில் என்ன எழுதியிருந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை இங்கே திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. இப்படிப்பட்ட சொற்கள் படம் முழுதும் 14 இடங்களில் வந்தன என்று எண்ணினேன். அவற்றில் ஒன்றைச் சொல்லாகக்கூட எழுதாமல் எண்ணாகவே போட்டிருந்தீர்கள். பின்னர் அதே படத்தை வீட்டில் ஆங்கில வரிகளோடு பார்த்தேன். அந்த இடத்தில் மகள், “சாப்பிட்டீர்களா?” என்று கேட்கிறாள், அவ்வளவுதான். சிக்கிய ஜிப்போடு மூத்தவர் சொல்வது, “மெதுவாக இழுடி, இதற்குள் நானும் இருக்கிறேன்” என்பதற்கு நெருக்கமான ஒன்று. காப்பிக்கடையில் அப்பாவின் கூட்டாளிகள் பேசும் அதே ‘டி’ அது. தமிழில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை விட்டுவிட்டு, தெருமுனையில் சிறுவர்கள் கல்லைப் போல எறியும் வசவை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

சொல் கிடைக்கவில்லை என்ற சமாதானம் தமிழில் செல்லாது. பெண்வேடக்காரர் என்று கூத்திலும், ஸ்திரீபார்ட் என்று நாடகக் கம்பெனிகளிலும் மரியாதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். ஔவையாராக நடித்த டி.கே.சண்முகத்துக்கு அந்தக் கிழவியின் பெயரே பட்டமாக நிலைத்துவிட்டது. சிவாஜி கணேசன் சிறுவனாக மேடையேறிய காலத்தில் சீதையாக நடித்தவர். கே.பி.சுந்தராம்பாள் 1935இல் திரையில் நந்தனாராகவே வந்தார். இவர்களை எவரும் உங்கள் வரிகளில் உள்ள சொற்களால் அழைக்கவில்லை. சில இடங்களில் ‘திருநங்கை’ என்று போட்டிருப்பதும் மரியாதை கருதிச் செய்ததாக இருக்கலாம், ஆனாலும் அது பிழை. திருநங்கை என்பது ஒருவர் தம்மை யாராக உணர்ந்து வாழ்கிறார் என்பதைக் குறிக்கும் சொல். படத்தில் வருபவர்கள் ஒப்பனையைக் கலைத்துவிட்டு அப்பாவாகவும் அண்ணனாகவும் வீடு திரும்புகிறவர்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் இரு தரப்புக்கும் அநியாயம்.

பொது இடத்து அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒரு புள்ளி விடுபட்டால் உடனே படம்பிடித்து அனுப்பி, அதிகாரத்துவ மொழிக்கு இழைத்த அவமதிப்பு என்று கொதிக்கிறவர்கள் நாம். உங்கள் வரிகளில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், வசவுகள் அத்தனையும் இலக்கணச் சுத்தமாக இருந்தன. பூகிஸில் பூம் பூம் ரூம் என்ற கேளிக்கை விடுதி இருந்த காலம் முதல் பெண்வேடத்தில் மேடையேறிவரும் நகைச்சுவைக் கலைஞர் குமாரின் நிகழ்ச்சிகளுக்குக் காசு கொடுத்துப் போய், அவர் நம்மைக் கிண்டலடிக்க, வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் சிலரையாவது அன்று அரங்கில் பார்த்தேன். குமாரின் நிகழ்ச்சிகளில் அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. படம் முடிந்த பின் ஒரு பெரியவர் எழுந்து, “இதையெல்லாம் தமிழர்களுக்கு எதற்குக் காட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். அது நியாயமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. உங்களில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “சும்மா காமெடிதானே ஐயா, சீரியஸா எடுத்துக்காதீங்க” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். என் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த காட்சிக்கு முன் அந்த வரிகளைத் திருத்துங்கள். பார்வையாளர்களுக்கு அறிவுரை வேண்டாம், முன்னுரை வேண்டாம், மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். வரிகளை அனுப்பினால் ஓரிரு இரவுகளில் நானே சம்பளமின்றித் திருத்தித் தருகிறேன். மேடைச் சொற்களில் சந்தேகம் வந்தால் கேட்க என் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

அன்றிரவு பேருந்தில் அவர் வெகுநேரம் பேசவில்லை. காத்திப்பைத் தாண்டிய பிறகு, “அந்த ஆளு அழுதப்ப ஏன்டா எல்லாரும் சிரிச்சாங்க? கீழே என்ன எழுதியிருந்துச்சு?” என்று கேட்டார். எனக்கும் சரியாகப் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. அடுத்த காட்சிக்கும் தமக்கு ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த முறை கண்ணாடியை மறக்க மாட்டாராம்.

பணிவுடன்,
சந்திரமதியின் மகன்