இடது பக்கம் காலியாகத்தான் இருக்கிறது

தூத்தூர்,
ஞாயிறு இரவு

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. டூட்டி, ரூம், போன், தூக்கம். வெள்ளிக்கிழமை லீவிலும் படுக்கைதான் என்று எழுதியிருக்கிறாய். பிரஷர் மாத்திரை இரண்டாகிவிட்டது என்பதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

போன வருடம் எனக்கும் இதே கதைதான். டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடந்தேன், மூன்றாவது வாரமே நின்றுபோனது. மழை, முழங்கால் வலி, ஏதாவது ஒரு சாக்கு. அப்புறம் நம் கூட்டாளிகள் சிலர் சாயங்காலம் கால்பந்து விளையாட ஆரம்பித்தார்கள். ஐந்தரைக்கு என்னைக் காணவில்லை என்றால் வாசலில் வந்து நின்று, "லேய், இறங்கி வா, ஆள் குறையுது" என்று சத்தம் போடுவார்கள். டாக்டர் சொல்லி எழும்பாதவன் அந்தச் சத்தத்துக்கு எழும்பினேன்.

நர்ஸாக இருக்கும் மகள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். கோபன்ஹேகனில் 8,577 பேரை 25 வருடம் கவனித்து 2018-இல் வெளியிட்டார்களாம். உட்கார்ந்தே இருந்தவர்களைவிடக் கால்பந்து ஆடியவர்களுக்கு ஆயுள் 4.7 வருடம் கூடுதல். ஜிம்முக்குப் போனவர்களுக்கு 1.5 வருடம்தான். பந்து மட்டுமே காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது என்றும் சொன்னாள். ஆனால் கூட ஆள் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வு செய்தவர்களின் எண்ணம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நம் தெருவில் சொத்துத் தகராறில் பத்து வருடமாகப் பேசாத அண்ணன் தம்பியை உனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே டீமில் வந்து விழுந்தார்கள். முதல் வாரம் தம்பி தப்பித்தவறிக்கூட அண்ணனுக்குப் பாஸ் கொடுக்கவில்லை. கோல் போஸ்ட் முன்னால் அண்ணன் தனியாக நிற்கிறான், இவன் பந்தை வெளியே அடிக்கிறான். எங்களுக்கு வயிறு எரியும். மூன்றாவது வாரம் அண்ணனே கத்திவிட்டான்: "எனக்குப் போடுலேய்!" போட்டான். கோல். இப்போது தம்பி ஆழ்கடலுக்குப் போய் முப்பது நாள் கழித்துக் கரை வந்தால், அண்ணன் வீட்டுக்கும் மீன் போகிறது.

அங்கேயும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் ஊர்ப் பையன்கள் ஆடுவார்கள், விசாரித்துப் பார். முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள். மாத்திரையை நீயாக நிறுத்தாதே. வெயில் தாழ்ந்த பிறகு போ, முதல் நாளே ஓடாதே. கோல் கீப்பராக நின்றாலும் போதும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? இடது பக்கம் ஆட இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை. உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
பழைய சென்டர் பார்வர்ட்