எங்கள் ஹிப் ரசிகர் வட்டம், ஸ்காபரோ: 2016ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. கனடாவின் ரொக் இசைக்குழுவான ட்ராஜிக்கலி ஹிப் யூனில் வெளியிட்ட புதிய இசைத்தொகுப்பைச் சேர்ந்திருந்து கேட்டோம். யூலை ஒன்றுகூடல் வழமைபோல் நடந்தது.

மே 24 அன்று வந்த செய்தியை எல்லோரும் அறிவீர்கள். குழுவின் பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் புற்றுநோய், குணப்படுத்த முடியாது. ஆனாலும் கோடையில் நாடு முழுக்கப் பாடப் போகிறோம் என்றார்கள் குழுவினர். 1984இல் ஒன்ராறியோவின் கிங்ஸ்டனில் தொடங்கிய ட்ராஜிக்கலி ஹிப், ஓகஸ்ட் 20 அன்று அதே ஊரில் விடைபெறப் போகிறது என்றதும் பஸ் பிடித்துப் போகவே நினைத்தேன். ரிக்கெற் நிமிடங்களில் முடிந்து, பிறகு பல மடங்கு விலைக்கு வந்தது. அந்தக் காசைக் கொடுப்பதில்லை என்ற முடிவு சரியானதே.

நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான சிபிசி அந்தக் கச்சேரி முழுவதையும் விளம்பரம் இல்லாமல் ஒளிபரப்பும் என்று அறிந்ததும், எங்கள் கட்டிடத்தின் கீழ்மாடி மண்டபத்தை எடுத்தேன். இரவல் புரொஜெக்டர், சுவரில் வெள்ளை விரிப்பு, 40 பேருக்கு இடியப்பமும் சொதியும். வீண்செலவு என்று சிலர் பிறகு சொன்னார்கள். ‘கிரேஸ், டூ’ பாட்டின் முடிவில் டவுனி வாய்விட்டுக் கத்தி அழுதபோது, ஓர் உறுப்பினரின் அம்மா கதிரையை விட்டு எழுந்து நின்றார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவர். “பிள்ளைக்கு யாராவது தண்ணி குடுங்கோவன்” என்றார். மண்டபமே அழுதது. அதைப் பார்த்தவர் யாரும் வீண்செலவு என்று சொல்லவில்லை.

நாட்டில் 1 கோடி 17 இலட்சம் பேர் பார்த்த அந்த இரவுக்கு, எங்கள் 34 உறுப்பினரில் 19 பேரே வந்தார்கள். வருகிறோம் என்று சொன்னவர்களுக்கு எடுத்த சாப்பாடு அப்படியே மிஞ்சியது. வீட்டிலிருந்து பார்த்தோம் என்கிறீர்கள். சரி. ஆனால் வந்த புதிதில் பள்ளிக்கூட பஸ்ஸில் இவர்களுடைய பாட்டைக் கேட்டுத்தான் எங்களில் பலர் இந்த நாட்டையே அறிந்துகொண்டோம். 1951இல் காணாமற்போன ஹொக்கி வீரர் பாரில்கோவை எனக்குச் சொல்லித் தந்தது அவர்களின் பாட்டு, பாடப்புத்தகம் அல்ல. அவர்களை வழியனுப்பும்போது பக்கத்தில் எங்கள் ஆட்கள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. பொருளாளர் விவரம் தருவார். அன்று உண்டியலில் சேர்ந்த 412 டொலர், டவுனி பெயரில் சனிபுறூக் மருத்துவமனையில் உள்ள மூளைப் புற்றுநோய் ஆய்வு நிதிக்குப் போனது. 13 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. மண்டபம் தந்தவர்கள், சமைத்தவர்கள், புரொஜெக்டர் தந்த தம்பி எல்லோருக்கும் நன்றி.

குழுவே விடைபெற்ற பிறகு வட்டம் எதற்கு என்று கேட்கிறார்கள். ஒக்ரோபரில் டவுனி வெளியிட்ட ‘சீக்ரெட் பாத்’ இசைத்தொகுப்பு இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளி ஒன்றிலிருந்து வீட்டுக்கு ஓடி வழியிலேயே இறந்த 12 வயதுப் பூர்வகுடிச் சிறுவன் சேனி வென்ஜாக்கின் கதை. அதைச் சேர்ந்திருந்து கேட்க ஒரு மாலையாவது வேண்டும். இன்னும் ஓராண்டு நான் பொறுப்பில் இருக்க ஆயத்தம். மண்டபத்துக்கு முற்பணம் மார்ச்சுக்குள் கட்ட வேண்டும். சந்தா 40 டொலர்தான். பொதுக்கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்தாலும் போதும்.

செயலாளர்