கன்னட விபத்தும் தமிழ் விபத்தும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மழை வெள்ள நிவாரணச் செய்தியில் 'கர்நாடக மாநில விபத்து நிர்வாக ஆணையம்' என்ற பெயர் மூன்று இடங்களில் வந்திருக்கிறது. கன்னடத்தில் அது 'விபத்து நிர்வஹணா பிராதிகார'. தமிழில் அதைப் 'பேரிடர் மேலாண்மை ஆணையம்' என்றுதான் எழுத வேண்டும். உங்கள் இதழில் மட்டும் நடந்த தவறாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். பெங்களூரில் தமிழர் சங்க அறிவிப்புகள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சுற்றறிக்கைகள், வாட்ஸ்அப் செய்திகள் என்று எங்கும் இதே பிழை பரவிக் கிடக்கிறது.

கன்னட விபத்தும் தமிழ் விபத்தும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோல் இருப்பதுதான் வம்பு. காதால் கேட்டால் வேறுபாடு தெரியும். 'பஸ்' என்பதில் வரும் ஒலியோடு நாம் விபத்து என்கிறோம். கன்னடர்கள் 'பல்' என்பதில் வரும் வல்லொலியோடு சொல்கிறார்கள். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால், கன்னடத்தைப் பார்த்துப் பெயர்ப்பவர் கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாகப் பட்டுவிடுகிறது. தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பார்.

சொல்லின் வேர் வடமொழியில் 'பத்'. விழுதல், செல்லுதல் என்று பொருள். அதன் முன்னால் 'சம்' சேர்ந்தால் சம்பத்து, எல்லாம் கூடிவந்த நிலை. 'வி' சேர்ந்தால் விபத்து, கூடியது குலைந்த நிலை. 'ஆ' சேர்ந்தால் ஆபத்து, நம்மேல் வந்து விழுவது. வடமொழியில் சம்பத்துக்கு நேர் எதிர்ச்சொல் விபத்து. கன்னடம் அந்தப் பெரிய பொருளை அப்படியே வைத்திருக்கிறது. தமிழிலோ அது சுருங்கி, லாரி மோதுவதற்கும் பஸ் கவிழ்வதற்கும் உரிய சொல்லாகிவிட்டது. அதற்குக் கன்னடச் சொல் 'அபகாத'. ஓசூர் சாலையில் போகிறவர்கள் பார்க்கலாம்: அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் பலகையில் 'அபகாத வலய' என்றிருக்கும், எல்லை தாண்டினால் 'விபத்துப் பகுதி' என்றிருக்கும். எச்சரிக்கை ஒன்றுதான், சொல்தான் வேறு.

இந்தியிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. அங்கே 'ஆப்தா' என்றால் பேரிடர். நம் ஆபத்தோ பெரும்பாலும் இனி வரக்கூடியதைக் குறிக்கிறது: 'ஆபத்தான வளைவு', 'உயிருக்கு ஆபத்து'. 'ஆபத்துக்குப் பாவமில்லை' என்ற பழமொழியில்தான் ஏற்கெனவே வந்து அழுத்துகிற துன்பம் என்ற பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. இந்தி 'சங்கட்' பெரும் நெருக்கடி, நாம் 'சங்கடமா இருக்கு' என்பது மனக்கூச்சம். இலங்கைத் தமிழில் அரசு அலுவலகப் பெயரே 'அனர்த்த முகாமைத்துவம்', தமிழ்நாட்டு வாசகருக்கு அனர்த்தம் என்றதும் பொருளைத் திரித்துச் சொல்வது நினைவுக்கு வரும். ஆகவே ஒரே வேரில் பிறந்த சொல் என்பதை நம்பி எதையும் அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது.

பேரிடர் என்ற சொல் ஏன் சரி என்பதையும் சொல்ல வேண்டும், சிலர் 'பேரழிவு மேலாண்மை' என்கிறார்கள். அழிவு என்றால் முடிந்துபோனது, அதில் மேலாண்மை செய்ய என்ன இருக்கிறது? இடர் என்பது நடுவில் நிற்பது, கடக்கக்கூடியது. குறள் 624 இதைக் கண்முன் காட்டுகிறது: 'மடுத்தவாய் எல்லாம் பகடன்னான் உற்ற இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து.' வண்டி சிக்கும் இடமெல்லாம் மூச்சைப் பிடித்து இழுத்துப் போகும் எருது போன்றவனிடம் வந்த துன்பம், தானே துன்பப்பட்டுப் போகுமாம். பொய்கையாழ்வாரும் 'இடராழி' என்று துன்பத்தைக் கடலாக்கி, அது 'நீங்குகவே' என்றுதான் சொல்மாலை சூட்டுகிறார். பேரழிவை நிஜமாகவே எல்லாம் அழிந்த இடத்துக்கும், 'பேரழிவு ஆயுதம்' போன்ற தொடர்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலச் சொல்லான 'டிசாஸ்டர்' பிறந்த கதை வேறு. இத்தாலியத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'ஆஸ்ட்ரோ' என்றால் விண்மீன், ஆக அது கெட்ட நட்சத்திரத்தின் பலன். நம் ஊரில் 'என் கெரகம்' என்று தலையில் அடித்துக்கொள்வதும், கன்னடத்தில் 'நன்ன கிரகசார' என்பதும் அதே எண்ணம்தான்.

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிரிவு 2-இல் பேரிடருக்கு இலக்கணம் சொல்கிறது. இயற்கையாலோ மனிதராலோ, விபத்தாலோ கவனக்குறைவாலோ நேர்ந்து, பெரும் உயிரிழப்பையோ சேதத்தையோ உண்டாக்கி, அந்தப் பகுதி மக்களின் சமாளிக்கும் திறனை மீறிப் போவதே பேரிடர். இங்கே விபத்து காரணங்களில் ஒன்றாக வருகிறது, பேரிடர் விளைவாக வருகிறது. இரண்டையும் விபத்து என்றே எழுதினால் 'விபத்தால் நேரும் விபத்து' என்று வாக்கியமே உளறலாகிவிடும்.

ஏழைக் குடும்பத்துக்கு இது வெறும் சொல் விவகாரம் அல்ல. வெள்ளத்தில் ஒருவர் இறந்தால் மாநிலப் பேரிடர் நிதி விதிகளின்படி குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. அதற்குத் தாலுகா அலுவலகத்தில், தாசில்தாரிடம் போக வேண்டும். அந்த நிதியின் பட்டியலில் வெள்ளம், நிலச்சரிவு, தீ போன்றவை இருக்கின்றன, சாலை விபத்து இல்லை. சாலை விபத்துக்கு வழி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாய் 'விபத்து நிவாரணம்' என்ற வரியைப் படித்தால் எந்த வாசலுக்குப் போவார்?

செய்தியைப் பெயர்ப்பவர்கள் மேசைமேல் நான்கு சொற்களை எழுதி ஒட்டிக்கொண்டால் போதும். கன்னட 'விபத்து' என்றால் பேரிடர். 'அபகாத' என்றால் விபத்து. 'பிரக்ருதி விகோப' என்றால் இயற்கைச் சீற்றம். 'துரந்த' என்றால் துயரச் சம்பவம். எழுத்திலும் இரண்டு இடம் கவனிக்க வேண்டும்: 'இடர்ப்பாடு' என்பதில் ப் உண்டு, குறளிலேயே இருக்கிறது. 'இடர்' வேறு, கால் தடுக்கும் 'இடறு' வேறு.

திருத்தத்தை அடுத்த இதழில், செய்தி வந்த அதே பக்கத்தில், ஆணையத்தின் கன்னடப் பெயரையும் தமிழ் எழுத்தில் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். நிவாரணச் செய்தியைப் பலர் கத்தரித்து, மனு எழுதும்போது அதைப் பார்த்தே அலுவலகப் பெயரை நிரப்புகிறார்கள்.

இப்படிக்கு,
கன்னட–தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு