முன் டிரைவ் ஷாஃப்ட் வாங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு சக்கர இயக்க வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தி 35 அங்குல டயர் மாட்டிய பிறகு, மெதுவாகப் போகும்போது முன்பக்க அடியிலிருந்து கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வருவதாகவும், முன் டிரைவ் ஷாஃப்டின் (எஞ்சின் விசையை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் சுழல் குழாயின்) ரப்பர் உறையைச் சுற்றிக் கிரீஸ் தெறித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். எந்த ஷாஃப்ட் உறுதியானது என்று கேட்டிருக்கிறாய். ஷாஃப்ட்களைச் சமநிலைப்படுத்தும் வேலையிலேயே என் காலம் கழிந்ததால், அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருப்பது எனக்குத் தெரிகிறது: உன் வண்டியில் அந்த ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் சுழல்கிறது? அதை அளக்காமல் வாங்கும் ஷாஃப்ட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) முன் அச்சின் பினியனுக்கும் (ஷாஃப்டின் சுழற்சியை அச்சுக்குள் வாங்கும் சிறு பல்சக்கரம்) கிடைமட்ட இடைவெளி 90 செ.மீ. என்றும், உயர்த்துவதற்கு முன் பினியன் 8 செ.மீ. கீழே இருந்தது என்றும் வைத்துக்கொள். ஷாஃப்டின் சாய்வு ஏறக்குறைய 5 டிகிரி. வண்டி 10 செ.மீ. உயர்ந்ததும் அதுவே 11 டிகிரியைத் தாண்டுகிறது. ஷாஃப்டின் நீளத் தேவையும் சுமார் 1.4 செ.மீ. கூடுகிறது. பாறை மீது ஏறும்போது ஒரு பக்கச் சக்கரம் தொங்கி அச்சு இன்னும் 15 செ.மீ. இறங்கினால் சாய்வு 20 டிகிரியை எட்டும். நின்ற நிலையில் சரியாகத் தெரியும் ஷாஃப்ட் தொங்கும் நிலையில் முட்டி உடைவது இதனால்தான்.

உன் வண்டியில் இரு முனையிலும் இருப்பவை ரெசப்பா வகை ஜாயின்ட்கள், அதாவது வளைந்தபடியே சுழலும் மூட்டுகள். உருளும் குண்டுகள் வழியாக, தம் வரம்புக்குள் எந்தக் கோணத்திலும் ஒரே சீரான வேகத்தைக் கடத்துவது அவற்றின் சிறப்பு. உயர்த்தாத வண்டிக்கு அவற்றைவிட அமைதியானது வேறில்லை. ஆனால் கோணம் கூடும்போது ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. கிழிந்த வழியே கிரீஸ் வெளியேறுகிறது, மண்ணும் நீரும் உள்ளே புகுகின்றன. நீ கண்ட கிரீஸ் தெறிப்பின் பொருள் அதுதான். ஜாயின்ட் இன்னும் உடையவில்லை என்பது ஆறுதலான செய்தி, ஆனாலும் அதன் ஆயுள் தேய்ந்துகொண்டிருக்கிறது. கிரீஸ் இல்லாமல் சூடேறிய ஜாயின்ட் நெடுஞ்சாலையில் கழன்றால், ஒரு முனையில் மட்டும் பிடித்தபடி சுழலும் குழாய் கியர்பாக்ஸின் உறையையே உடைத்துவிடக்கூடும். ஆகவே இதைச் சரிசெய்யும்வரை நீண்ட பயணம் போகாதே. இது உன் அம்மாவாக நான் வைக்கும் வேண்டுகோள்.

'இரு சக்கர இயக்கத்தில்தானே ஓட்டுகிறேன், முன் ஷாஃப்டுக்கு என்ன வேலை' என்று நீ நினைக்கலாம். முன் சக்கர ஹப்களை (சக்கரத்தின் மையப் பகுதிகளை) அச்சுத் தண்டோடு பூட்டித் திறக்கும் வசதியோ, அச்சைத் துண்டிக்கும் அமைப்போ இல்லாத வண்டியில், சக்கரங்கள் உருளும்வரை முன் ஷாஃப்டும் உருண்டுகொண்டேதான் இருக்கும். உன் அச்சு விகிதம் 4.10 என்றால், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால், 35 அங்குல டயரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுற்றும். சுமை இல்லாவிட்டாலும் கோணமும் சூடும் அதற்கு உண்டு.

இப்போது மாற்று ஷாஃப்டுக்கு வருவோம். சிலுவை வடிவத் துண்டால் இரு பாதிகளை இணைக்கும் சாதாரண யூ ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரியில் அந்த ஏற்றமும் இறக்கமும் சுமார் ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் ஆறு சதவீதம், 30 டிகிரியில் பதினைந்து சதவீதத்துக்கு மேல். இரு முனையிலும் ஒவ்வொரு யூ ஜாயின்ட் உள்ள ஷாஃப்டில், இரு கோணங்களும் சமமாக இருந்து இரு யோக்குகளும் (ஜாயின்டைப் பிடிக்கும் கவை வடிவ முனைகள்) ஒரே தளத்தில் இருந்தால், ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று நேர்செய்துவிடும். உயர்த்திய வண்டியின் முன்புறத்தில் இந்தச் சமநிலை அமைவது அரிது. டபுள் கார்டன் அமைப்பு அதற்குத்தான் வந்தது: டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரண்டு யூ ஜாயின்ட்கள் அடுத்தடுத்து, நடுவில் அவற்றை நிலைநிறுத்தும் ஒரு மையக் குண்டு. இரண்டும் கோணத்தைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்து தமக்குள்ளேயே சரிசெய்துகொள்வதால், பினியன் முனையில் இருக்கும் ஒற்றை ஜாயின்ட் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். அதாவது பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கிப் பார்க்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, பலரும் பார்க்கத் தவறுவதும் அதைத்தான். முன் அச்சில் பினியனும் ஸ்டீயரிங் முனைகளும் ஒரே உறையில் பற்றவைக்கப்பட்டவை. பினியனை 3 டிகிரி மேலே திருப்பினால் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) 3 டிகிரி குறையும். காஸ்டர் குறைந்த வண்டி நேர்ச்சாலையில் தடுமாறும், திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது. நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம் (அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் தண்டு) வாங்கினால் இரண்டையும் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறும் வழி மட்டுமே. ஹப்களைத் திறந்துவிட முடிகிற வண்டியாக இருந்தால், தயங்காமல் காஸ்டரைத் தேர்ந்துகொள்ளச் சொல்வேன், ஏனெனில் வேகமாக ஓடும்போது முன் ஷாஃப்ட் நின்றுதான் இருக்கும். உன் வண்டியில் அது நிற்பதில்லை என்பதால், ஸ்டீயரிங் கெடாத அளவுக்கு மட்டும் பினியனைத் திருப்பி, மீதி அதிர்வு பொறுக்கத்தக்கதா என்று ஓட்டிப் பார். இல்லையென்றால் உயரத்தை ஓர் அங்குலமோ ஒன்றரையோ குறைப்பதுதான் நேர்மையான தீர்வு. ஸ்டீயரிங் முனைகளின் பற்றவைப்பை அறுத்துத் திருப்பி மறுபடி பற்றவைக்கும் வழியும் இருக்கிறது. அதைக் கைதேர்ந்தவர் செய்ய வேண்டும்.

ஜாயின்டின் அளவைப் பொறுத்தவரை, 1310 என்ற யூ ஜாயின்ட் அளவு வகையே உனக்குப் போதும் என்பது என் எண்ணம். 1350 பெரியதுதான், அதன் மூடி விட்டம் 1.188 அங்குலம், 1310க்கு 1.062. ஆனால் ஷாஃப்ட் உடையாமல் தாங்கிவிட்டால் அந்த விசை பினியன் பற்களுக்கோ அச்சுத் தண்டுக்கோ போய்ச் சேரும். காட்டுப் பாதையில் ஒரு யூ ஜாயின்டை மாற்றிவிடலாம், பினியனை மாற்ற முடியாது. எனவே ஒரு மாற்று ஜாயின்டையும், கட்டும் பட்டைகளையும் போல்ட்டுகளையும் வண்டியிலேயே வைத்துக்கொள். கழற்றிய பட்டைகளையும் போல்ட்டுகளையும் திரும்பப் பயன்படுத்தாதே, அவை ஒருமுறை இறுகியதும் நீண்டுவிடுபவை.

ரெசப்பாவிலிருந்து டபுள் கார்டனுக்கு மாறும்போது, பினியன் முனையில் உள்ள தட்டைக் கழற்றி யோக் மாட்ட வேண்டியிருக்கும். பினியன் நட்டைத் தளர்த்துவதற்கு முன், பினியன் கையால் சுழல எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள். உள்ளே நட்டை இறுக்கும்போது நசுங்கிப் பேரிங் அழுத்தத்தை நிர்ணயிக்கும் வளையம் இருந்தால், நட்டை மிகையாக இறுக்கியதும் பேரிங் அழுத்தம் மாறி, டிஃபரன்ஷியலே (அச்சின் பல்சக்கரத் தொகுதி) ஊளையிடத் தொடங்கும். இந்த ஒரு வேலைக்கு அனுபவமுள்ள மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொள்.

அளவெடுப்பதை நீயே செய். சமதரையில் நான்கு சக்கரங்களும் தரையில் நிற்க, டிஜிட்டல் கோணமானியை டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டுத் தட்டிலும், ஷாஃப்ட் குழாயிலும், பினியன் தட்டிலும் வைத்து எண்களைக் குறித்துக்கொள். பிறகு சட்டத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, முன் அச்சை முழுமையாகத் தொங்கவிட்டு ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுழற்று. எங்காவது இடறினாலோ, யோக் ஜாயின்டில் முட்டினாலோ, ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பல்வரிசை இணைப்பு) பிரியும் அளவுக்கு நீண்டாலோ, தொங்கலைக் கட்டுப்படுத்தும் பட்டி கட்டியாக வேண்டும். முழுதாக அழுந்திய நிலையிலும் ஸ்ப்லைன் அடித்தளத்தில் இடிக்காமல் சிறிது இடம் மிச்சமிருப்பதை உறுதிசெய். ஜாக் மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் போகாதே.

பராமரிப்பில் நான் வலியுறுத்துவது கிரீஸ் மட்டுமே. அதிக அழுத்தம் தாங்கும் இரண்டாம் எண் லித்தியம் கிரீஸை, யூ ஜாயின்டின் நான்கு மூடிகளிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை செலுத்து. ஒரு மூடியில் வரவில்லை என்றால் அந்தப் பக்க ஊசி பேரிங் பட்டினி கிடக்கிறது என்று பொருள். டபுள் கார்டனின் மையக் குண்டுக்குத் தனி நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் முனை) உண்டு. அதை எட்ட கிரீஸ் கன்னுக்கு ஊசிமுனை வேண்டும், அதனாலேயே பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அந்தக் குண்டு தேய்ந்தால் முழு அமைப்பும் அதிரும். நீரைக் கடந்த ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கிரீஸ் இடுவது கட்டாயம். மூடிகளைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே துரு ஏறிவிட்டது. அந்த ஜாயின்டைக் காப்பாற்ற முயலாமல் மாற்றிவிடு. ஸ்ப்லைனைப் பிரிக்கும் முன் இரு பாதியிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள். ஒரு பல் மாறி மாட்டினாலும் யோக்குகளின் தளம் விலகி அதிர்வு வரும்.

அதிர்வு வந்தால் உடனே ஷாஃப்டைக் குறை சொல்லாதே. குழாயில் ஒட்டிய சேற்றை முதலில் கழுவு. பிறகு முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, இரு சக்கர இயக்கத்தில் அதே வேகத்தில் ஓட்டிப் பார். அதிர்வு நின்றால் காரணம் முன் ஷாஃப்ட் அல்லது அதன் கோணம். நிற்காவிட்டால் டயரையோ பின் ஷாஃப்டையோ பார்க்க வேண்டும். மைய டிஃபரன்ஷியலோடு எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் இந்தச் சோதனையை மைய டிஃபரன்ஷியலைப் பூட்டித்தான் செய்ய முடியும். உன் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

இந்த வாரமே மூன்று கோணங்களையும், தட்டிலிருந்து தட்டுவரையுள்ள நீளத்தை நிற்கும் நிலையிலும் முழுத் தொங்கலிலும் அளந்து, தற்போதைய காஸ்டர் எண்ணோடு சேர்த்து எனக்கு எழுது. அவை கைக்கு வந்ததும் எவ்வளவு நீள ஷாஃப்ட் செய்யச் சொல்ல வேண்டும் என்பதைக் கணக்கிட்டு அனுப்புகிறேன். அதுவரை எதற்கும் பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
அம்மா