கலப்படம் என்று தூக்கிப் போடாதே

கண்ணா,

ராத்திரி நீ எழுதியதைக் காலையில்தான் படித்தேன். பூச்சியின் மொத்த டிஎன்ஏவான ஜீனோமுக்குள் பாக்டீரியாவிடமிருந்து தாவி வந்தவை என்று ஏழு மாதமாக நீ நம்பிய 11 ஜீன்களும் வெறும் கலப்படம், மாதிரியில் கலந்துவிட்ட வேறு உயிரியின் டிஎன்ஏ, அதனால் பிஎச்டி முடிந்ததும் கம்பெனிக்கே போய்விடுகிறேன் என்கிறாய். போவதானால் போ. சம்பளம் அதிகம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகான தற்காலிக ஆய்வு வேலை) ஒப்பந்தம் தேடி அலையவும் வேண்டாம் (நான் மூன்று முறை அலைந்தேன், நீ பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருந்தது அதனால்தான்). ஆனால் ஏமாந்துவிட்டோமே என்ற கோபத்தில் போகாதே.

நீர்க்கரடி என்ற அந்த எட்டுக்கால் நுண்பிராணியின் கதை தெரியுமில்லையா? 2015-ல் அதன் ஜீன்களில் ஆறில் ஒரு பங்கு வேறு உயிரிகளிடமிருந்து வந்தது என்று பெரிய ஜர்னலிலேயே வந்தது. அதே நீர்க்கரடியின் டிஎன்ஏவைத் தனியாக சீக்வென்ஸ் செய்து, அதாவது எழுத்து எழுத்தாகப் படித்து, வைத்திருந்த இன்னொரு குழு, அதில் பெரும்பகுதி கலப்படம் என்று சீக்கிரமே காட்டிவிட்டது. உன் விஷயத்தில் அச்சேறும் முன்பே நீயே பிடித்துவிட்டாய். நான் என் முதல் வருஷத்தில் பிடிக்கவில்லை. மனித ஜீன் பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து சேமித்தேன், செப்ட்2 என்ற ஜீன் செப்டம்பர் 2 என்று தேதியாகிவிட்டது, அதை வைத்தே ஒரு மாதம் எலியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்! ஊரெல்லாம் இதே தொல்லை, கடைசியில் 2020-ல் அந்த ஜீன்களுக்கே பெயரை மாற்றிவிட்டார்கள்.

சரி, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூச்சியின் டிஎன்ஏ துண்டுகள் எல்லாம் 60 கவரேஜில் (ஒவ்வொரு இடமும் சராசரியாக 60 முறை படிக்கப்பட்டு) திரண்டு நிற்க, உன் 11 ஜீன்கள் இருக்கும் துண்டுகள் மட்டும் 12-ல், ஜிசி (டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் பங்கு) குறைந்து, ஓரமாக ஒரு சின்னக் கும்பலாக ஒதுங்கியிருக்கின்றன. பூச்சி ஜீன்களின் நடுவே வரும், பாக்டீரியா ஜீன்களில் பெரும்பாலும் இல்லாத இடைத்துண்டான இன்ட்ரான் உள்ள ஜீன் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. சிதறாமல் இப்படி ஒரே இடத்தில் கூடியிருப்பதைப் பார்த்தால், ஆய்வகத் தூசியில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை, பூச்சிக்குள்ளேயே குடியிருக்கும் ஏதோ ஒன்றாக இருக்கலாம். 2005-ல் டிரோசோஃபிலா ஈக்களின் ரீடுகளை (சீக்வென்ஸ் செய்கையில் கிடைக்கும் சின்ன டிஎன்ஏ துணுக்குகளை) அலசி, பூச்சியின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியாவான வோல்பாக்கியாவில் யாரும் தேடாத மூன்றை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

அதனால் அந்த ரீடுகளை அழித்துவிடாதே. தனியாகப் பிரித்து, ஒன்றோடொன்று கோத்து அசெம்பிள் செய், எந்த பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் ஜீன் கிடைக்கிறதா பார். அப்புறம், பூச்சியைப் பிடித்து டிஎன்ஏ எடுத்தவர்களிடம் போய் உட்கார்ந்து, முழுப் பூச்சியையும் அரைத்தார்களா, குடலை நீக்கினார்களா என்று கேள். இதை முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும், திட்டுவதாக நினைக்காதே, நானும் கேட்டதில்லை.

16எஸ் கிடைத்தால் எத்தனை மணியானாலும் கூப்பிடு.

அம்மா