குத்தல் என்ற சொல்

அன்புள்ள மகளுக்கு,

ஆங்கிலத்தின் 'சார்காசம்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று போன வாரம் கேட்டாய். யோசிக்காமல் 'கிண்டல்' என்று சொல்லிவிட்டேன். தவறு. கிண்டுவது என்றால் கிளறுவது. கிளறும்போது இருவருமே சிரிக்கலாம். நீ கேட்ட சொல்லில் அந்த விளையாட்டு இல்லை.

கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை. நாய் குதறுவதுபோல் சதையைக் கிழிப்பதற்கு அதிலிருந்து ஒரு வினை பிறந்தது. ஆத்திரத்தில் உதட்டைக் கடித்துக்கொள்வதும் அதே வினைதான். கசப்பான ஏளனப் பேச்சுக்கும் அதுவே பெயராகி, லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

ஜப்பானியச் சொல் என்னை அசர வைத்தது. 'ஹினிகு': தோலும் சதையும். போதிதர்மர் தம் சீடர்கள் பெற்றதைத் தோல், சதை, எலும்பு, மஜ்ஜை என்று பிரித்துச் சொன்னதாக ஜென் மரபு கூறும். தோலோடும் சதையோடும் நின்றவர் ஆழம் காணாதவர் என்று குறை சொல்வதிலிருந்து வந்தது அந்தச் சொல். கிரேக்கருக்குச் சதை கிழிபடும் இடம். இவர்களுக்கோ உள்ளே போகாமல் நின்றுவிட்ட இடம். சீனர்களின் 'ஃபெங்சி'யில் இரண்டாம் எழுத்துக்கு முள் என்றும் குத்துவது என்றும் பொருள். நம் 'குத்தல்' அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என் பதில் அதுதான்.

வஞ்சப்புகழ்ச்சி வேறு வகை. கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், இருவரும் மனம்போனபடி நடப்பவர்கள் என்கிறார் வள்ளுவர், 1073ஆம் குறளில். எவ்வளவு கூர்மை! ஆனால் அது கயவரை நோக்கி எறியப்பட்டது.

நான் உன்னை நோக்கி எறிந்தேன். வேலையை விட்டுவிட்டு மேலே படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன இரவில், "மகாராணிக்குத் தெரியாததா?" என்றேன். நீ பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய். இந்தச் சொற்களை அகராதிகளில் தேடிக்கொண்டிருந்த நாள்களில் அந்தத் தட்டுதான் கண்முன் நின்றது. அன்றைக்கு உனக்கு வலித்திருக்கும். மன்னித்துவிடு அம்மா.

அந்தப் படிப்பில் என்ன ஆய்வு செய்தாய் என்று இதுவரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். முதலிலிருந்து சொல், கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா